நாலு முடிச்சும் ஆறு முடிச்சும்

மார்கழிக் காலை. வாசல் கோலத்துக்கு அந்தப் பக்கமாகவே நின்றுகொண்டு, சைக்கிள் மணியை ஒரே ஒரு தடவை அடித்தார் குழாய்க்கிணறு மேஸ்திரியின் கையாள் கன்னியப்பன். வழக்கமாக அவர் மணி அடித்தால் தெருக்கோடிப் பிள்ளையாரே எழுந்து வந்து என்ன விஷயம் என்று கேட்பார். அன்று ஒன்றோடு நின்றுவிட்டது. நான் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

"நைனா, மேஸ்திரி போய்ட்டாரு" என்றார்.

"எத்தனை அடி ஆழத்துக்கு?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் அவர் தலையில் முண்டாசு இல்லாததைக் கவனித்தேன். என் காதுக்கு ஒரு விஷயம் எட்டுவதற்குள் என் வாய் அதற்குப் பதில் சொல்லி முடித்துவிடும். அது உங்கள் எல்லோருக்கும் தெரிந்த வியாதி. அன்று மாலை, கல்லறைத் தோட்டத்தில் நின்றபோது என் கேள்விக்குப் பதில் தெரிந்தது. ஆறடி.

நம் தெருப் பையன்கள் கையால் எழுதி வீடு வீடாகச் சுற்றவிடும் இந்தக் 'கொசு' பத்திரிகைக்கு அஞ்சலி எழுதும் வேலையை ஆசிரியர் ராகவன் என் தலையில் கட்டியபோது, "ஒரு பக்கம் போதும். இந்த ஒரு தடவையாவது கோணங்கித்தனம் பண்ணாம எழுது" என்றான். ஒரு பக்கத்தில் அடங்காது. ஏனென்றால் அஞ்சலியோடு கூட ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. போன ஆவணி இதழில் அருளப்ப மேஸ்திரிக்கு 'உப்பு மேஸ்திரி' என்று பெயர் வைத்தவன் நான். தெரு அந்தப் பெயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சாவுச் செய்தி வந்த அன்றுகூட எதிர்வீட்டில், "எந்த அருளப்பன்? அந்த உப்பு மேஸ்திரியா?" என்றுதான் கேட்டார்கள். அந்தப் பெயர் அவருக்கு உரியதல்ல. யாருக்கு உரியது என்று சொல்லத்தான் இவ்வளவு காகிதம்.

மேஸ்திரியை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். சாந்தோமிலிருந்து சைக்கிளில் வருவார். காக்கி அரை நிஜார், கழுத்தில் சிலுவைக் கயிறு, பின் சீட்டில் வடம். சவுக்குக் கழிகளை முக்காலியாகக் கட்டி, உச்சியில் கப்பி மாட்டி, நாலு ஆட்கள் வடத்தை இழுத்து இழுத்து விட, பூமிக்குள் இரும்பு இறங்கும். உலகம் முழுவதும் போர் நடந்துகொண்டிருந்தபோது மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் இவர் மட்டும் வேறு மாதிரி போர் போட்டுக்கொண்டிருந்தார். அருளப்பர் என்பதை நான் 'ஆழப்பர்' என்று மாற்றிக் கூப்பிடுவேன். அவர் அதற்குக் கோபப்பட்டதில்லை. "ஆழம் இன்னா பெரிய ஆழம் தம்பி, ஓட்டை போடறவன் ஊருக்கு நூறு பேரு கீறான். அடைக்கிறவன் எவன் கீறான், சொல்லு" என்பார்.

அடைப்பது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது தியாகராய நகரில், என் மாமா வீட்டுக் கொல்லையில். கோடை விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். மேஸ்திரி தொண்ணூறு அடி இறக்கியும் பம்பு வைத்து இறைக்கிற அளவுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை, பாறை தட்டிவிட்டது. மாமா வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மறுநாள் காலையில் பார்த்தால் குழாய்களையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு, மேஸ்திரியும் கன்னியப்பனும் களிமண்ணைப் பிசைந்து கொழுக்கட்டை அளவுக்கு உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். துளைக்குள் பத்து உருண்டை போடுவது, இரும்புக் கம்பியால் இடிப்பது, மறுபடி பத்து உருண்டை. தொண்ணூறு அடிக்கும் இப்படியே.

மாமா வெளியே வந்தார். "என்னப்பா மேஸ்திரி, வேலைதான் முடிஞ்சுடுத்தே. மேலே ஒரு பலகையைப் போட்டு மூடிட்டுக் கிளம்பேன். ஓட்டை என் ஆத்துக் கொல்லையிலன்னா இருக்கு? உனக்கென்ன வந்தது?"

"ஓட்டை உங்களுது சாமி. தண்ணி தெருவுது" என்றார் மேஸ்திரி, உருட்டுவதை நிறுத்தாமல். "மேல சாக்கடைத் தண்ணி, நடுவால களிமண்ணு, கீழ நல்ல தண்ணி. ஆண்டவன் நடுவுல கதவு சாத்தி வெச்சிருந்தான். நான்தானே தொறந்தேன்? சாத்திட்டுப் போயிடறேன்."

நானும் உதவிக்கு உட்கார்ந்தேன். உதவி என்று நான் சொல்கிறேன். நாற்பது உருண்டைக்கு நடுவில் தும்பிக்கை, தொப்பை, நாலு கை எல்லாம் வைத்து ஒரு சின்னப் பிள்ளையாரைப் பிடித்துக் குவியலுக்குள் நுழைத்துவிட்டுக் காத்திருந்தேன். மேஸ்திரியின் கை பிள்ளையாரில் பட்டதும் நின்றது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கொல்லைச் சுவர்மேல் நிழலாக ஓர் இடம் பார்த்து உட்கார வைத்தார். "இவரை உள்ள தள்ள எனக்கு அதிகாரம் இல்ல. அவரு அங்க குந்தி மேற்பார்வை பாக்கட்டும். தம்பி, நீ இவருக்குப் பதிலா ரெண்டு உருண்டை உருட்டிடு." கன்னியப்பன் சிரித்த சிரிப்பில் மாமி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இனி நம் தெரு விஷயம்.

ஜப்பான் குண்டுக்குப் பயந்து பட்டணத்தை விட்டு ஓடினவர்கள் எல்லோரும் திரும்பி வந்த பிறகு தெருக்குழாயில் வரும் தண்ணீர் போதவில்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். தெருக்கோடிக் காலி மனையில் பொதுவாக ஒரு போர் போடுவது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். நம் தெருவுக்குப் பின்னால் கால்வாய். கடல் ஏறினால் கால்வாயும் ஏறும். அந்த உப்பு பூமிக்கடியில் நம் வீடுகளின் கீழ்வரை வந்திருக்கிறது. வீட்டுக் கிணறுகள் இருபதடியோடு நிற்பதால் தப்பித்தன. மேலே மழைத் தண்ணீர், அதற்குக் கீழே கால்வாய் உப்பு, அதற்கும் கீழே களிமண், களிமண்ணுக்கு அடியில் மறுபடி நல்ல தண்ணீர். உப்பு எத்தனையாவது அடியில் இருக்கிறது என்று சரியாகத் தெரிந்தால்தான் அந்த இடத்தில் ஓட்டையில்லாத குழாயை இறக்கி, சுற்றிலும் களிமண்ணும் சிமெண்டும் இடித்து, உப்பை வெளியிலேயே நிறுத்த முடியும்.

அதைத் தெரிந்துகொள்ள மேஸ்திரியிடம் ஒரு வழி இருந்தது. பத்தடிக்கு ஒரு தடவை அடியிலிருந்து தண்ணீர் எடுத்து, நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, மிச்சத்தை ஒரு மருந்துச் சீசாவில் ஊற்றிச் சுவர்மேல் வரிசையாக வைப்பார். சீசாவின் கழுத்தில் ஒரு சணல். அதில் பத்தடிக்கு ஒன்று, இருபதடிக்கு இரண்டு என்று முடிச்சுகள். காகிதத்தில் எழுதினால் மை கரைந்துவிடும்; அதோடு கன்னியப்பனுக்குப் படிக்கத் தெரியாது. "ஞாபகம் நேத்து ஒண்ணு சொல்லும், இன்னைக்கு ஒண்ணு சொல்லும். முடிச்சு மாறாது" என்பது மேஸ்திரியின் வாக்கு.

வேலை முப்பதடி தாண்டியபோது மேஸ்திரிக்கு மலேரியா வந்தது. கன்னியப்பன் தனியாக அறுபதடி வரை இறக்கினார். நாற்பதில் உப்பு, ஐம்பதில் களிமண், அறுபதில் இளநீர் மாதிரித் தண்ணீர். ஆறு சீசாக்களையும் சுவர்மேல் வைத்துவிட்டு, மேஸ்திரி வரட்டும் என்று வேலையை நிறுத்தினார்.

மறுநாள் மத்தியானம் ஆட்கள் எல்லோரும் பூவரச மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சுவரோரமாக வந்தேன். நாலு முடிச்சுச் சணலை அவிழ்த்து ஆறாவது சீசாவிலும், ஆறு முடிச்சுச் சணலை நாலாவது சீசாவிலும் கட்டினேன். சீசாக்களையும் இடம் மாற்றி வைத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். வரிசையாக எதையாவது கண்டால் அதில் இரண்டை மாற்றி வைக்கச் சொல்லும் என் கை. பஜனை மடத்து வாசலில் உங்கள் செருப்புகளுக்கு ஜோடி மாற்றிக் கல்யாணம் செய்து வைத்தவனும் நான்தான். அதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். மேஸ்திரி வந்து ருசி பார்ப்பார், முகம் கோணும், "எவன்டா அவன்?" என்று சுற்றிலும் பார்ப்பார், நான் மரத்துக்குப் பின்னால் நின்று சிரிப்பேன். அவர் நாக்கு கண்டுபிடித்துவிடும் என்பதுதான் வேடிக்கையே. மலேரியாவுக்குக் கொயினா மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டு அந்த நாக்கு கசப்பில் மரத்துக் கிடந்தது எனக்குத் தெரியாது.

அவர் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நடந்ததைக் கன்னியப்பன்தான் பிறகு சொன்னார். மேஸ்திரி சுவரில் சாய்ந்துகொண்டு, "எனக்கு எல்லாமே கசக்குது. நீ ருசி பார்த்துச் சொல்லு" என்றாராம். கன்னியப்பன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசிச் சீசாவில் திகைத்திருக்கிறார்.

"மேஸ்திரி, இது கரிக்குது. கடைசியா எடுத்தது நல்லா இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம்."

"எத்தினி முடிச்சு?"

"ஆறு."

"நாலு?"

"நாலு முடிச்சுது இனிப்பாக் கீது."

"அப்ப ஞாபகத்த உடு. முடிச்சு இன்னா சொல்லுதோ அதான்."

துளைக்குள் இரண்டு தண்ணீரும் கலந்து நின்றதால் மறுபடி எடுத்துப் பார்க்கவும் வழியில்லை. அறுபதில் உப்பு என்று நம்பி அடியைக் களிமண்ணால் இடித்து மூடினார்கள். நாற்பதில் நல்ல தண்ணீர் என்று நம்பி, சல்லடைக் குழாயை அங்கே நிறுத்தினார்கள். மேலேயும் நல்ல தண்ணீர், அதன் கீழேயும் நல்ல தண்ணீர் என்றால் நடுவே சுவர் எதற்கு? சிமெண்டுக்கோ பர்மிட் வாங்க வேண்டும். வெளிப்புறம் அடைக்காமல் விட்டார்கள்.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது பம்பு ஏறிவிட்டது. "ஆறுல கரிப்பு கண்டுது நைனா, நல்ல வேளை மூடிட்டோம்" என்றார் கன்னியப்பன். அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். சாவுச் செய்திக்கே பதில் வைத்திருந்த வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது. சொன்னால் அப்பாவின் பிரம்பு. சொல்லாவிட்டால் ஒருவேளை தண்ணீர் எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருக்கலாம் அல்லவா என்று எனக்கு நானே பூகோளம் நடத்திக்கொண்டேன். சணலை மாற்றியது விளையாட்டு. குற்றம் நான் செய்தது அந்தச் சாயங்காலம்தான்.

இரண்டு நாள் பம்பில் நல்ல தண்ணீர் வந்தது. மூன்றாம் நாள் கரித்தது. அதோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும். நாங்கள் திறந்துவிட்ட கதவு வழியாகக் கால்வாய் உப்பு மேலே ஏறிப் பக்கத்து நாலு வீட்டுக் கிணறுகளுக்குள் புகுந்தது. முதலில் தெரிந்தது பங்கஜம் மாமி வீட்டில். அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் பருப்பு பூவாக வேகும் என்று தெருவில் பாதிப் பேர் ஒரு குடம் வாங்கிக்கொண்டு போவார்கள்.

"ரெண்டு மணி நேரமா அடுப்பு எரியறது, பருப்பு கல்லு மாதிரி இருக்கு. காப்பியிலே பால் திரிஞ்சுடறது. கிணத்துக்கு யார் கண்ணு பட்டுதோ" என்று மாமி வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வாரம்தான் ஆவணி இதழ். யாரும் என் பக்கம் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே என்று முந்திக்கொண்டு எழுதினேன்: 'தோண்டித் தோண்டி உப்பளம் கண்டார் உப்பு மேஸ்திரி, இனி ஊறுகாய்க்கெல்லாம் அவரேதான் சாஸ்திரி.' நீங்கள் சிரித்தீர்கள். ராகவன் அதைச் சிவப்பு மையில் கட்டம் கட்டினான். மேஸ்திரி விஷயம் கேள்விப்பட்டு வந்து சேர்ந்தபோது, தெருமுனையில் கோலி விளையாடிக்கொண்டிருந்த பொடியன்கள் அதைப் பாட்டாகவே பாடினார்கள். அவர் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்.

தெருவே காலி மனையில் கூடியிருந்தது. மேஸ்திரி நேராகச் சுவருக்குப் போனார். சீசாக்கள் அங்கேயே இருந்தன. அதற்குள் அவர் நாக்கு பிழைத்திருந்தது. நாலு முடிச்சைத் திறந்து நாக்கில் வைத்தார். ஆறு முடிச்சை வைத்தார். இரண்டு சீசாக்களையும் கண்ணருகில் தூக்கிக் கழுத்துச் சணலை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவிழ்க்காமல் இரண்டையும் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"என்னப்பா, கன்னியப்பன் முடிச்சைத் தப்பாப் போட்டுட்டானா?" என்று கேட்டார் என் அப்பா.

"அவன் முடிச்சுல தப்பு இல்ல சாமி. தப்பு என்னுது. நாக்கு செத்துக் கெடக்கறப்ப நான் வேலைக்கு வந்திருக்கக் கூடாது. நான் ருசி பாக்காம குழாய எறக்கிட்டேன்."

"இத்தனை வருஷமா போர் போடறே, இப்படிப் பண்ணிட்டியே" என்றார் ஒருவர். இன்னொருவர், "இதான் உன் அடைக்கிற லட்சணமா?" என்றார். யார் யார் என்ன சொன்னார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. எல்லோரும் சொன்னார்கள். மேஸ்திரி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஒரு தடவைகூடக் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்க்கவில்லை.

எல்லோரும் போன பிறகு, வடத்தைச் சுருட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, சீசா கழுத்துல முடிச்சு ஒண்ணு பார்த்தேன். ரொம்ப லட்சணமா இருந்துச்சு. கன்னியப்பனுக்கு அந்த மாதிரி வராது, அவன் சும்மா சுத்தி முறுக்கி உடுவான். நீ எங்க கத்துக்கினே?"

பொய் சொல்ல எனக்கு நேரம் பிடிக்காது. அன்று பிடித்தது. "ஸ்கவுட்டில்" என்றேன்.

"நல்ல முடிச்சு" என்றார். "கெட்டியா நிக்குது."

அவ்வளவுதான். அன்று மாலை அப்பா வீட்டுக்குள் நுழைந்தபோது நான் முதுகைத் தயாராக வைத்திருந்தேன். அப்பா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சந்தியாவந்தனம் செய்யப் போனார். மறுநாளும் அப்படித்தான். மேஸ்திரி யாரிடமும் சொல்லவில்லை என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. நிம்மதியாக இருந்தது என்று எழுதினால் பொய்.

மறுபடி முக்காலி கட்டினார்கள். குழாயை உருவி, அடியில் இடித்த களிமண்ணைத் துளைத்து, ஓட்டையில்லாத குழாயை உப்பைத் தாண்டி இறக்கிக் களிமண்ணில் நிற்க வைத்து, சுற்றிலும் கைப்பிடி கைப்பிடியாக இடித்தார்கள். ஆடி முழுவதும் பெய்யாத மழை அந்தப் பத்து நாளும் பெய்தது. மேஸ்திரி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார். ஒவ்வொரு சீசாவையும் தானே ருசி பார்த்தார். முடிவில் பம்பில் அறுபதடித் தண்ணீர் வந்தது. இன்றைக்கு நீங்கள் குடிக்கிறது அதுதான்.

ஆனால் கிணறுகளுக்குள் புகுந்துவிட்ட உப்பு? "எறைக்கணும்" என்றார். "தெனமும் எறைக்கணும். செடிக்கு ஊத்தாதீங்க, மறுபடி உள்ள எறங்கிடும். கால்வாய்ல உடுங்க. எங்கேர்ந்து வந்துச்சோ அங்கயே போவட்டும்." பங்கஜம் மாமி கிணற்றுக்கு நான் போனேன். காலையில் நூறு வாளி, சாயங்காலம் நூறு வாளி. மேஸ்திரி வாரம் ஒரு தடவை வந்து வாசற்படிக்கு வெளியே நிற்பார். அவரைக் கிணற்றடிக்கு விடாதது நம் தெரு வழக்கம். கிணற்றைக் காப்பாற்ற வந்தவர் கிணற்றைப் பார்த்ததில்லை. நான் ஒரு செம்பில் கொண்டுவந்து அவர் கையில் ஊற்றுவேன். நாக்கில் வைத்து, "இன்னும் இல்ல" என்பார். "இந்தப் பிள்ளையாண்டான் எப்படித் திருந்திட்டான் பாரேன்" என்று மாமி அவரிடம் என்னைப் புகழுவாள். மேஸ்திரி, "ஆமாம்மா" என்பார். அந்த 'ஆமாம்மா'வுக்குப் பயந்தே நான் இன்னும் பத்து வாளி இறைத்தேன்.

கார்த்திகையில் காய்ச்சல் திரும்ப வந்து அவர் படுத்தார். மார்பில் சளி கட்டிக்கொண்டது என்றார்கள். ஆவணி மழையால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இல்லை என்றும் எவரும் என்னிடம் சொல்லவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை. கிணறு தேறிய பிறகு ஒரு செம்புத் தண்ணீரோடு போய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நாள் தள்ளிக்கொண்டிருந்தேன்.

இனி அந்த மார்கழிக் காலைக்கு வருகிறேன். கன்னியப்பன் சாவுச் செய்தியைச் சொல்ல மட்டும் வரவில்லை. கையில் ஒரு காலிச் சீசா இருந்தது.

"நேத்து சாயங்காலம் பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு. 'மழை நின்னுடுச்சு, மாமி கிணத்துத் தண்ணிய ஒரு வாய் பாத்துட்டு வாடா'ன்னாரு. காலீல போறேன்னு சொன்னேன். ராத்திரியே போய்ட்டாரு. அவரு சொன்ன கடைசி வேலை நைனா, இத முடிக்காம எப்பிடிப் பொட்டியில வெக்கறது?"

நான் மாமி வீட்டுக்கு ஓடி ஒரு வாளி இறைத்தேன். செய்தி கேட்ட மாமி, ஈரக் கையோடு வாசல்வரை வந்தாள். "அவனை உள்ளே வரச் சொல்லேன்டா" என்றாள். கன்னியப்பன் நடைவரை வந்து நின்றார். நான் ஊற்றினேன். அவர் நாக்கில் வைத்தார். துப்பவில்லை, விழுங்கினார்.

"தேறிடுச்சு" என்றார்.

சீசாவை நிரப்பி என்னிடம் நீட்டி, இடுப்பிலிருந்து ஒரு சணலை எடுத்தார். "இருபதடி. ரெண்டு முடிச்சு போட்டுக் கட்டிக் குடு. எனக்குக் கை நிக்க மாட்டேங்குது." நான் இரண்டு முடிச்சுப் போட்டேன். கழுத்தில் கட்டினேன். கை பழக்கம், ஸ்கவுட் முடிச்சாகக் கட்டிவிட்டேன்.

கன்னியப்பன் அந்தக் கட்டைப் பார்த்தார். கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "மேஸ்திரி ஊட்டுல ரெண்டு சீசா கீது" என்றார் மெதுவாக. "இந்தத் தெரு சீசா. அதுங்க கழுத்து சணல அவுக்கவே உட மாட்டாரு. இன்னாத்துக்குன்னு கேட்டா, 'உன் முடிச்சு இல்லடா, உடு'ம்பாரு. எனக்காவ சொல்றாருன்னு இருந்தேன்."

அந்த முடிச்சு என்னுடையது, மாற்றிக் கட்டியது நான்தான் என்றேன்.

இங்கே நான் உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேஸ்திரியின் பெயர் கெட்டது மட்டும்தான் நான் செய்த கெடுதல் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன். கன்னியப்பனை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. தன் கை தவறியதால்தான் மேஸ்திரி ஊர் வாயில் விழுந்தார், தன்னைக் காப்பாற்றத்தான் பழியைத் தலையில் போட்டுக்கொண்டார் என்று அந்த மனிதர் ஆவணியிலிருந்து மார்கழி வரை நம்பிக்கொண்டிருந்தார்.

அவர் என்னை அடிக்கவில்லை. "அஞ்சு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல நைனா" என்றார். பிறகு நான் கட்டிய சணலை அவிழ்த்து, தானே சுற்றி முறுக்கிக் கட்டினார். சைக்கிளில் ஏறும்போது சொன்னார்: "எங்கிட்ட சொல்லி இன்னா? தெருவுக்குச் சொல்லு."

சொல்லிவிட்டேன்.

அன்று மாலை அந்தச் சீசாவைப் பெட்டிக்குள் மேஸ்திரியின் வலக்கை ஓரமாகக் கன்னியப்பன் வைத்தார். மேஸ்திரி சம்சாரம் என்ன ஏது என்று கேட்கவில்லை. சீசாவுக்கு இடம் வரும்படி, கையில் சுற்றியிருந்த ஜபமாலையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார். நம் தெருவிலிருந்து என் அப்பாவும் நானும் மட்டும் போயிருந்தோம். திரும்பி வரும் வழியில், பாலத்தின்மேல் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிரம்பைத் தேடவில்லை. வீடு வரும் வரை பேசவும் இல்லை. பிரம்பே தேவலை.

ஆவணி இதழை ராகவனிடமிருந்து வாங்கிவந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை, கிழித்தால் மறைத்ததாகிவிடும். கட்டத்துக்குக் கீழே 'இது பொய்' என்று எழுதி என் முழுப் பெயரையும் போட்டிருக்கிறேன். இனி உப்பு என்ற பட்டத்தை யாருக்காவது கொடுக்க வேண்டுமானால், என் வீட்டு விலாசம் உங்களுக்குத் தெரியும்.

அவருடைய பொருளாக என்னிடம் இருப்பவை அந்த இரண்டு சீசாக்கள். அவர் சம்சாரமே கொடுத்தனுப்பினார். என் புத்தக அலமாரியில் வைத்திருக்கிறேன். சணல்களை அவிழ்த்து, உரிய கழுத்துக்கு மாற்றினேன். ஸ்கவுட் முடிச்சு அல்ல. கன்னியப்பன் போடுகிற மாதிரி சுற்றி முறுக்கி. சரிதானா என்று அவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். ஒன்றை இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொன்னார்.

நாலில் உப்பு. ஆறில் நல்ல தண்ணீர். சந்தேகம் உள்ளவர்கள் வந்து ருசி பார்க்கலாம்.